நின்ற தறியும் புயல் சேதமே
புயல், கனமழை நிவாரணக் கொள்கை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

காஞ்சிபுரம் கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர். புயல் என்றால் இங்கே காற்றைவிடத் தண்ணீரே பெரிது. கடலோரத்தில் கூரை பறக்கிறது, படகு உடைகிறது, மின்கம்பம் சாய்கிறது. அவற்றைப் படம் பிடிக்கலாம், எண்ணலாம், எண்ணியதற்கு நிவாரணம் கொடுக்கலாம். புயல் ஓய்ந்த மறுநாள் இவ்வூரின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துக்குள் வரும் அதிகாரியின் கண்ணுக்கு அப்படி எதுவும் படாமல் போகலாம். வீடு நிற்கும், தறியும் அதன் இடத்திலேயே நிற்கும். நெசவு மட்டும் நடக்காது. தறிக்குழியில் நீர் ஊறியிருக்கும், பாவில் ஈரம் ஏறியிருக்கும், அந்த வாரக் கூலி போயிருக்கும். எதுவும் உடையாததால் சேதப் பட்டியலில் அந்த வீடு இடம்பெறாது. தறி நின்ற ஒவ்வொரு நாளையும் புயல் சேதமாக அரசு ஏற்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. நிவாரணத்துக்கு மட்டும் நாங்கள் இதைச் சொல்லவில்லை. ஏரியைத் தூர்வாருவதும், கால்வாய் கட்டுவதும், குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்துவதும் இந்த ஊருக்குப் பயன்பட்டனவா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எங்களுக்குத் தெரியவில்லை.

குழித்தறியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்தக் கோரிக்கை புரியும். நெசவாளி தரையோடு அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். தறியின் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி நிலத்தடி நீர் மேலே வரும் நாட்களில், தெருவில் வெள்ளமே இல்லாவிட்டாலும் குழியில் ஊற்றெடுக்கும். இன்று இறைத்தால் நாளை மறுபடி ஊறும். குழி வற்றிவிட்டாலும் உடனே உட்கார்ந்து நெய்துவிட முடியாது. பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இழை. ஈரம் ஏறினால் பாவின் விறைப்பு மாறும், இழை அறும். வெள்ளிச் சரிகை கறுக்கத் தொடங்கும். சாயமிட்ட பட்டு காய வெயில் வேண்டும், தெருவில் பாவு நீட்ட மழையில்லாத காலைப்பொழுது வேண்டும். ஆக, மழை பெய்தது இரண்டு நாள் என்றாலும் தறி நிற்பது அதைவிட அதிக நாள். கரையை உடலோடு கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உழைப்பு தேவை. பெரும்பாலும் அந்த இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். கூலியோ நாள் கணக்கில் வருவதில்லை, சேலைக் கணக்கில் வருகிறது. தறி நின்றால் ஒரு வீட்டின் இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் நின்றுபோகும், வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நிற்கும். பருவமும் நெசவாளிக்கு எதிராகவே இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. தை முகூர்த்தச் சேலைகள் தறியில் ஏறியிருக்க வேண்டிய கார்த்திகையும் மார்கழியின் முதல் பாதியும் அதற்குள்தான் வருகின்றன.

புயல் என்பது கடற்கரை மாவட்டங்களின் கவலை என்ற எண்ணம் இன்னும் நிர்வாகத்தில் இருக்கிறது. கடந்த பத்தாண்டு மழை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவானது. தாம்பரம் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மழையைக் கொண்டுவந்தது பெயர் சூட்டப்பட்ட புயல்கூட அல்ல. 2021 நவம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீரைக் கொண்டுவந்தது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். கரையைக் கடந்த பிறகும் மழை ஓய்வதில்லை, உள்ளே நகர்ந்து செல்கிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இவையெல்லாம் காலநிலை மாற்றத்தால் வந்தவை என்று எப்படிச் சொல்ல முடியும்? 2015 மழையை ஆராய்ந்த உலகளாவிய அறிவியலாளர் குழு ஒன்று, அந்த மழையில் புவி வெப்பமாதலின் பங்கைத் தெளிவாக நிறுவ முடியவில்லை என்றே முடிவு சொன்னது. அதை நாங்கள் ஏற்கிறோம். ஒவ்வொரு பெருமழைக்கும் காலநிலை மாற்றத்தைக் காரணம் காட்டினால் அடைபட்ட கால்வாய்க்கும் தூர்ந்த ஏரிக்கும் பொறுப்பேற்க யாருமே இருக்க மாட்டார்கள். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது அடிப்படை இயற்பியல். வரும் ஆண்டுகளில் மழை பெய்யும்போது வலுத்துப் பெய்யும் என்று எதிர்பார்க்க அது போதும். எந்த மழைக்கு எது காரணம் என்ற வழக்கு முடியும்வரை தறிக்குழி காத்திருக்காது.

நிவாரண விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து செலவிட 2022 முதல் 2026 வரைக்கும் ஒன்றிய அரசு வகுத்த விதிகளில் கைத்தறிக்கு இடம் இருக்கிறது. கருவி சேதமானால் ஒரு கைவினைஞருக்கு 5,000 ரூபாய், மூலப்பொருளோ நெய்துகொண்டிருந்த சரக்கோ சேதமானால் 5,000 ரூபாய், இரண்டும் உரிய அதிகாரியின் சான்றின் பேரில். அசல் சரிகைச் சேலை ஒன்றுக்கான பட்டும் சரிகையும் இந்தத் தொகைக்குள் அடங்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடிப்படைக் குறை வேறு. கருவியும் சரக்கும் கெட்டால்தான் இந்த விதி பேசுகிறது. இரண்டும் கெடாமல் வேலை மட்டும் நின்றால் வாய் திறப்பதில்லை. அதே விதிகளில் இன்னொரு பிரிவு இருக்கிறது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு, ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி அளவில், இரண்டு பெரியவர்கள் வரை உதவி தரலாம் என்கிறது அது. கோர்வை நெசவில் ஈடுபடுவோரும் இரண்டு பெரியவர்களே. இந்தப் பிரிவு குழித்தறி நெசவாளருக்குப் பொருந்தும் என்று மாநில அரசு ஓர் ஆணையில் தெளிவாக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதலான 16-வது நிதிக் குழுக் காலத்துக்கான விதிகளில் கைத்தறிக்கு வேலையிழப்பு என்ற தனி இனத்தைச் சேர்க்கும்படி ஒன்றிய அரசையும் கேட்க வேண்டும்.

எதுவும் உடையாமல் வேலை நின்றதற்குப் பணம் தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 8,000 ஆக உயர்த்தப்பட்டது. படகு உடைந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வேலை செய்ய முடியாத நாட்கள் இவை என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தடைக்காலத்துக்குத் தேதி உண்டு, மழைக்கு இல்லையே என்று சொல்லலாம். மழைக்கு மழைமானி இருக்கிறது. ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை என்று இந்திய வானிலைத் துறை வகுத்திருக்கிறது. வட்டத்தின் மழைமானி அந்த அளவைத் தொட்ட நாளையும், குழி வற்றத் தேவையான அடுத்த சில நாட்களையும் தறி நின்ற நாட்களாக மாவட்ட ஆட்சியர் அறிவிக்கட்டும். மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விடுபவரும் அவர்தானே. இந்த முறையில் பொய்க் கணக்குக்கும் வழி குறையும். வீடு வீடாகப் போய்ச் சேதத்தை மதிப்பிட வேண்டாம், யாரிடமும் சான்றுக்கு நிற்க வேண்டாம். யார் நெசவாளி என்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பாவு, கூலிக் கணக்குகள் உள்ளன. தனியார் முதலாளிகளிடம் நெய்பவர்களுக்கு அந்த ஏடு கிடையாது. கைத்தறிக் கணக்கெடுப்பின் வழியே வந்த அடையாள அட்டையை அவர்களுக்கு ஏற்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டு வரும் எந்த ஏற்பாட்டையும் நாங்கள் ஆதரிக்க மாட்டோம். குஜராத்தின் சேவா அமைப்பு, வெப்பம் ஓர் அளவைத் தாண்டினாலே உழைக்கும் பெண்களுக்குத் தொகை சேரும் காப்பீட்டை நடைமுறையில் காட்டியிருக்கிறது. வெயிலுக்குச் செய்ய முடிந்ததை மழைக்கும் செய்யலாம்.

பணத்துக்குப் பதிலாகத் தறியையே மாற்றலாமே என்பவர்களும் உண்டு. குழிக்குச் சிமென்ட் பூசுவதையும், தரைக்கு மேலே நிற்கும் தறிக்கு மாற விரும்புவோருக்கு மானியம் தருவதையும் நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் வாடகை வீட்டில் நெய்பவர் வீட்டுக்காரரின் சம்மதமின்றித் தரையை உடைக்க முடியாது. உயரத் தூக்கிய தறியிலும் பாவு ஈரம் வாங்கத்தான் செய்யும். புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. அதை நெய்யும் முறையை அவசரத்தில் மாற்றிவிடக் கூடாது, நெசவாளர்களோடு சோதித்துப் பார்த்து மெல்ல மாற்ற வேண்டும்.

குழிக்குள் நீர் வராமல் தடுக்கும் பெரிய வேலை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை வழியே ஆள் தேர்ந்தெடுத்து அமைத்த ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கின்றன. ஏரிக்கு ஆண்டுதோறும் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்த மண் இது. இன்றோ ஏரி ஒரு துறையிடம், நகருக்குள் ஓடும் கால்வாய் மாநகராட்சியிடம், நிவாரணம் வருவாய்த் துறையிடம், நெசவாளி கைத்தறித் துறையிடம். நகருக்குள் ஓடும் மஞ்சள் நீர்க் கால்வாய் சீரானதா என்பதை எத்தனை மீட்டர் கான்கிரீட் போட்டார்கள் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடுத்த கார்த்திகையில் அதன் இருபுறமும் எத்தனை நாள் தறி ஓடியது என்று கேட்க வேண்டும். வேகவதி ஆற்றோர ஆக்கிரமிப்புகளை அகற்றுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆற்றுக்கு அதன் அகலம் திரும்பக் கிடைக்காவிட்டால் நகரின் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் அங்கிருந்து கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பப்படும் குடும்பம் நெசவுக் குடும்பமானால், மேல்தளத்தில் தறிக்குழி தோண்ட முடியாது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லித் தொழிலை நிரந்தரமாக நிறுத்திவிடும் ஏற்பாடு அது. அப்படிப்பட்டவர்களுக்குத் தரைத்தளம் ஒதுக்க வேண்டும், அல்லது நடந்துபோகும் தொலைவில் பொதுத் தறிக்கூடம் கட்டித் தர வேண்டும்.

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அந்த மாதம் 9-ஆம் தேதி இரவுதான் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும் அந்த இயக்கம் அமைக்கப்பட்டிருப்பதை நாங்கள் மதிக்கிறோம். அலையாத்திக் காடும் சதுப்பு நிலமும் மரம் நடுதலும் அதன் பணிகளில் இருப்பது சரியே. காஞ்சிபுரத்துக்கு அதில் என்ன இடம் என்பதுதான் எங்கள் கேள்வி. இந்த மாவட்டத்துக்கான காலநிலைத் திட்டத்தில் குழித்தறி ஓர் இனமாக எழுதப்பட வேண்டும். கைத்தறித் துறையும் நீர்வளத் துறையும் மாநகராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வார்டு வாரியாகத் தறி நின்ற நாட்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முதல் கணக்கு வரும் வடகிழக்குப் பருவத்திலேயே தொடங்கட்டும். வார்டு வாரியாகத் தறிகளைப் பதிந்து தரும் வேலையில் எங்கள் உறுப்பினர்கள் கைகொடுப்பார்கள். அந்தப் பதிவேட்டை ஐப்பசி பிறக்கும் முன் மாவட்ட நிர்வாகம் திறக்க வேண்டும்.