இரண்டு பேரை விட்டுவிட்டு வா!

"விளையாட்டில் அரசியலைக் கொண்டு வராதீர்கள்!" இது கனதனவான்களின் நெடுநாளைய உபதேசம். மைதானத்தில் இறங்கிவிட்டால் ஏழை பணக்காரன் கிடையாதாம், நிறம் கிடையாதாம், திறமை ஒன்றுதான் அளவுகோலாம்.

பேஷ்! இந்த உபதேசத்தை உலகத்துக்கெல்லாம் ஏற்றுமதி செய்த அமெரிக்க நாட்டிலேயே 1951-ம் ஆண்டு நடந்த ஒரு சங்கதியைப் பார்ப்போம். ஒரு கல்லூரிப் பந்தாட்ட கோஷ்டியின் கதை அது. ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத கோஷ்டி; ஆனாலும் வாசலிலேயே நிறுத்தப்பட்ட கோஷ்டி.

முதலில் ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் "புட்பால்" என்று சொல்வது நம் வாலிபர்கள் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிர்க் கட்சி ஆட்கள் பதினொரு பேரும் பாய்ந்து விழுந்து தள்ளித் தடுப்பார்கள். தலைக்குக் கவசம், தோளுக்குத் திண்டு. எனக்கு விளையாட்டு ஞானம் சொற்பம்தான். ஆனால் இதில் எலும்பு முறியும் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. அந்த நாட்டில் இந்த ஆட்டத்துக்குக் கல்லூரி கோஷ்டிகள்தான் பெரிய கூட்டம் சேர்ப்பவை. பருவம் முடிந்ததும், வருஷப் பிறப்பையொட்டி "பௌல்" ஆட்டங்கள் என்று சில நகரங்களில் நடக்கும். மியாமியில் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பௌல். எல்லாம் தென்பகுதி நகரங்கள். ஊர்ப் பிரமுகர்களும் வியாபாரிகளும் சேர்ந்த கமிட்டி, பிடித்த கோஷ்டிக்கு அழைப்பு அனுப்பும். ஓட்டல்கள் நிரம்பும், டிக்கெட் விற்கும், ரேடியோக் கம்பெனி பணம் தரும். ஆடுகிற மாணவனுக்குக் கௌரவம், ஆடவைக்கிறவனுக்குக் காசு! வேடிக்கையான பாகப்பிரிவினை.

மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை. ஜேசு சபைப் பாதிரிமார் நடத்திய கல்லூரி. பெரிய செல்வம் இல்லாதது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். ஆட்டக்காரர்களில் பலர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். கினோ மார்ச்செட்டி என்பவர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் மகன். பதினெட்டு வயதில் ஐரோப்பாவுக்குப் போய் ஹிட்லரின் படையோடு இயந்திரத் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர். யுத்தம் முடிந்து திரும்பி வந்துதான் கல்லூரி.

அந்த கோஷ்டியில் கறுப்பர்கள் இருவர். ஆலி மேட்சன், டெக்சாஸில் பிறந்தவர். பர்ல் டோலர், டென்னஸியின் மெம்பிஸ் நகரத்தவர். இருவருமே தென்பகுதி மண்ணில் பிறந்தவர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1951 பருவத்தில் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. நியூயார்க் வரை போய் ஃபோர்டாம் கோஷ்டியை 32-26 என்று ஜெயித்தார்கள். பசிபிக் கல்லூரியை 47-14. கடைசியில் லயோலாவை 20-2. மேட்சன் அந்தப் பருவத்தில் பந்தோடு ஓடிய தூரம் 1,566 கெஜம். அமெரிக்கா முழுவதிலும் அந்த வருஷம் அவ்வளவு ஓடியவர் வேறு எவரும் இல்லை. புள்ளிகள் எடுத்ததிலும் அவரே முதல். இனி அழைப்பு வர வேண்டியதுதானே!

செய்தி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மேட்சனையும் டோலரையும் வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் வரலாம்!

தோழர்களே, இந்தப் பேச்சை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? வேலை நிறுத்தம் முடிகிற நேரத்தில் மானேஜர் சொல்வாரே, "எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறேன், அந்த இரண்டு பேரைத் தவிர." அறுப்புக் கூலிப் பேச்சில் மிராசுதார் சொல்வாரே, "நீங்கள் எல்லோரும் நல்லவர்கள், அந்த இரண்டு பேர்தான் தூண்டிவிடுகிறார்கள்." குரல் ஒன்றேதான். தேசம் வேறு, பாஷை வேறு.

கோஷ்டி முழுவதும் முடியாது என்றது. வாதப் பிரதிவாதம் நடத்திக் கமிட்டி போட்டு யோசித்த விஷயமாக அதை அந்த ஆட்டக்காரர்கள் பிற்பாடு சொல்லவில்லை. போனால் எல்லோரும், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. அவ்வளவுதான். வெள்ளை வாலிபர்களுக்கு அது வாழ்நாளில் ஒரு முறை வரும் வாய்ப்பு. உதறினார்கள்.

படிப்பகத்தில் இதைச் சொன்னபோது ஒரு வாலிபத் தோழர் கேட்டார்: "அண்ணே, அந்த இரண்டு பேருமே பெரிய மனசு பண்ணி, நாங்க வரலை, நீங்க போங்கன்னு சொல்லியிருக்கலாமே?" கேள்வி நியாயம்போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடிபட்டவனே தியாகமும் செய்ய வேண்டுமா? அநியாயம் செய்கிறவன் ஆசைப்படுவதே அதுதான். அவன் கதவைச் சாத்த வேண்டியதில்லை. வெளியே நிற்பவனே மரியாதையாகத் தூரப் போய்விட வேண்டும். தனிக் குவளையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போ என்று டீக்கடைக்காரன் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சுமையை அந்த இருவரின் தலையில் ஏற்றாமல் கோஷ்டியே தூக்கிக்கொண்டதுதான் இதில் பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, எதிர்த் தரப்பு வக்கீல்கள் என்ன சொல்கிறார்கள்? "நிறம் காரணமே அல்ல. அந்த கோஷ்டி பலவீனமான எதிரிகளோடு ஆடி ஜெயித்தது. தகுதி போதவில்லை." ஆஹா, தகுதி! இந்த வார்த்தை இல்லாவிட்டால் இந்தச் சீமான்கள் எப்படிப் பிழைப்பார்களோ! ஃபோர்டாமைத் தவிரப் பெரிய பெயர் உள்ள கோஷ்டிகள் அவர்களோடு ஆடவில்லை என்பது மெய். பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் அவர்களுக்குக் கிடைத்தது 14-ம் இடம் என்பதும் மெய். மறைக்கவில்லை. ஆனால் அவர்களிடம் 47-14 என்று உதை வாங்கிய பசிபிக் கல்லூரி இருக்கிறதே, அதற்கு அதே பருவத்தில் எல் பாசோ நகரத்து சன் பௌலுக்கு அழைப்பு போயிற்று! தோற்றவனுக்குத் தகுதி உண்டு, தோற்கடித்தவனுக்கு இல்லை. எந்த தேசத்துக் கணக்கு இது?

அந்த வாக்கெடுப்பின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பௌல் ஆட்டத்துக்கு முன்பே வாக்கெண்ணி, டென்னஸி கோஷ்டிதான் தேசத்துக்கே சாம்பியன் என்று பட்டம் கட்டினார்கள். 1952 ஜனவரி 1-ம் தேதி சுகர் பௌலில் அந்தச் சாம்பியனை மேரிலாந்து 28-13 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. தோற்றபிறகும் பட்டம் டென்னஸிக்கே! ஒரு ஆட்டத்திலும் தோற்காதவர்கள் மேற்கே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவைத் திறக்கவே வழியில்லை, சட்டம் அப்படி, ஜனங்கள் மனம் அப்படி என்றும் ஒரு சால்ஜாப்பு. அதுவும் பொய். 1948-லேயே டெக்சாஸின் டல்லஸ் நகரத்து காட்டன் பௌலில் பென் ஸ்டேட் கோஷ்டி தன் கறுப்பு ஆட்டக்காரர்கள் இருவரோடும் வந்து ஆடியது. ஆட்டம் 13-13 என்று சமமாய் முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை. மனமிருந்தவன் திறந்தான், ஆரஞ்சுக்காரனுக்கும் சுகர்க்காரனுக்கும் மனமில்லை.

அந்த 1951 பருவம் எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொரு சாட்சி. அக்டோபர் 20-ம் தேதி, ஓக்லஹோமாவில் ஸ்டில்வாட்டர் என்ற ஊர். டிரேக் கல்லூரியின் ஜானி பிரைட் என்ற கறுப்பு வாலிபர் ஆட வந்தார். பந்து அவர் கையிலேயே இல்லாத நேரத்தில் எதிர்க் கட்சியின் வெள்ளை ஆட்டக்காரர் ஒருவர் முழங்கையால் முகத்தில் தாக்கினார். ஒரு முறையல்ல. முதல் ஏழு நிமிஷத்துக்குள் மூன்று தடவை பிரைட் நினைவிழந்து விழுந்தார். தாடை உடைந்தது. நடுவர்கள் கண்ணில் எதுவும் படவில்லையாம்! ஆனால் இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் காமிராவில் பட்டுவிட்டது. அந்தப் படங்களுக்கு 1952-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தாக்கியவருக்கோ தண்டனை இல்லை. டிரேக் கல்லூரி தன் போட்டிச் சங்கத்தை விட்டே வெளியேறியது. அதற்கு ஆதரவாக பிராட்லி கல்லூரியும் கூடவே வெளியேறியது. ஸ்டில்வாட்டர் கல்லூரி மன்னிப்புக் கேட்டது 2005-ல். பிரைட் இறந்து அப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். முடியாது என்று சொன்னதற்கு விலை உண்டு. கல்லூரிக்குப் பந்தாட்டக் கணக்கில் ஏற்கெனவே நஷ்டம். பௌல் ஆட்டத்தின் பங்குப் பணம் வந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். வரவில்லை. அந்தப் பருவத்தோடு நிர்வாகம் கோஷ்டியையே கலைத்துவிட்டது. ஒரு ஆட்டமும் தோற்காத கோஷ்டிக்கு அடுத்த வருஷம் மைதானமே இல்லை. அப்படி நேரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் அந்த வாலிபர்கள் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் இழப்பு இழப்புதான். ஐக்கியம் என்றால் கைதட்டு மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு கூத்து கேளுங்கள். 1952 ஜனவரியில் மியாமியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் காலடி வைக்கத் தகாதவராக இருந்த ஆலி மேட்சனை, அதே வருஷம் ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு அமெரிக்கக் கொடியைப் போர்த்தி அனுப்பினார்கள்! 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி கொண்டுவந்தார். சோவியத் வீரர்கள் முதல் தடவையாக வந்து கலந்துகொண்ட ஒலிம்பிக் அது. உலகத்தின் முன்னே ஜனநாயக வேஷம் போடக் கறுப்பன் கால் வேண்டும். ஊருக்குள்ளே ஆட மட்டும் வேண்டாம். தொழில்முறை ஆட்டச் சந்தையில் 1959-ல் ஒரு முதலாளி தன்னிடமிருந்த ஒன்பது பேர் கணக்கைக் கொடுத்து மேட்சன் ஒருவரை வாங்கினார். விலை பேசும்போது மட்டும் நிறம் கண்ணில் படுவதில்லை.

நிறவெறிக் கதவு தானாக இற்று விழவுமில்லை. 1955 டிசம்பரில், பாபி கிரியர் என்ற கறுப்பு வாலிபர் இருந்த பிட்ஸ்பர்க் கோஷ்டியோடு ஜார்ஜியா டெக் மோதக் கூடாது என்று ஜார்ஜியா கவர்னர் மார்வின் கிரிஃபின் கூக்குரலிட்டார். அட்லாண்டாவின் வெள்ளை மாணவர்களே திரண்டு கவர்னர் மாளிகைக்கு ஊர்வலம் போய் அவர் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். அந்த மாணவர்களில் பலருக்கு நியாயத்தைவிட ஆட்டத்தின் மேல்தான் அக்கறை என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆட்டம் நடந்தது, கிரியர் ஆடினார். வயிறெரிந்த லூசியானா சட்டசபை 1956-ல் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடுவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. விளையாட்டில் அரசியல் கூடாது என்ற கனவான்கள்! 1959-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தச் சட்டம் செத்தது.

2006-ல் சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை அந்த 1951 கோஷ்டியினருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு.

பர்ல் டோலர் என்ன ஆனார்? 1952-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. தொழில்முறை ஆட்டம் அத்தோடு முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் போனார். பிறகு அந்த நகரத்திலேயே உயர்தரப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரான முதல் கறுப்பரானார். 1965-ல் தொழில்முறை புட்பால் சங்கம் அவரை மைதான நடுவர்களில் ஒருவராக எடுத்தது. அங்கேயும் அவரே முதல் கறுப்பர். 1980 ஜனவரியில் தேசத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டம் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் நடந்தது. லட்சத்துக்கு மேல் ஜனக்கூட்டம். பந்து விழுந்த கோட்டைப் பார்த்து அங்கே தீர்ப்புச் சொன்ன நடுவர்களில் ஒருவராக, கோடு போட்ட சட்டையும் விசிலுமாக பர்ல் டோலர் நின்றுகொண்டிருந்தார்.