கோடும் புள்ளியும் அலங்காரமல்ல

ஓர் ஆய்விதழிலிருந்து என் கட்டுரையின் மெய்ப்பு சென்ற வாரம் வந்தது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை விளக்க வலி, வளி, வழி ஆகிய மூன்று சொற்களை உரோமன் எழுத்தில் எடுத்துக்காட்டியிருந்தேன். மெய்ப்பில் மூன்றும் ஒரே சொல்லாக நிற்கின்றன. எழுத்தின் கீழிருந்த புள்ளியையும் கோட்டையும் நீக்கிவிட்டார்கள். காரணம் கேட்டேன். அவை வாசிப்புக்கு இடையூறாம். சூழலைக் கொண்டு வாசகர் புரிந்துகொள்வாராம். வேறுபாட்டைப் பற்றிய பத்தியில் வேறுபாட்டையே அழித்த பிறகு எஞ்சும் சூழல் எது?

இது ஓர் இதழின் கவனக்குறைவு மட்டுமன்று. நம் துறைகளின் பொதுவழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) தெளிவான ஒலிபெயர்ப்பு முறையைத் தந்தது. ழகர, றகர, னகரங்களுக்குக் கீழ்க்கோடு, ளகர, ணகர, டகரங்களுக்குக் கீழ்ப்புள்ளி, நெடிலுக்கு மேற்கோடு. 2001இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15919 தரமும் இவ்வெழுத்துகளுக்கு இக்குறிகளையே கொள்கிறது. ஈய அச்சுக் காலத்தில் அச்சுக்கோப்பவர் கையால் செய்த வேலையை, மடிக்கணினி வைத்திருக்கும் நாம் 'இயலாது' என்கிறோம். நம் ஆய்வேடுகளில் மரமும் மறமும் ஒன்றாகிவிடுகின்றன.

இயலாமை என்பது பாதி உண்மை. எம்.எஸ். வேர்டில் ஆங்கிலத்தில் 'கஃபே' என்று அடித்தால், நாம் கேளாமலே ஈற்றெழுத்தின் மேல் பிரெஞ்சுக் குறி வந்து அமர்கிறது. கன்ட்ரோலையும் மேற்கோள் குறியையும் சேர்த்து அழுத்திப் பின் உயிரெழுத்தை அடித்தாலும் அக்குறி கிடைக்கும். நம் கீழ்க்கோட்டுக்கு அப்படி ஆயத்தமான குறுக்குவிசை இல்லை. மென்பொருள் எந்த மொழிகளை மனத்தில் கொண்டு உருவானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

மறுபாதி நம் சோம்பல். இவ்வெழுத்துகள் 1990களிலிருந்தே யூனிகோடில் உள்ளன. ஆய்தத்தை விட்டால், சிற்றெழுத்தில் நமக்குத் தேவையானவை 13 மட்டுமே. வேர்டின் 'இன்சர்ட்' பட்டியலில் 'சிம்பல்' பகுதியைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவிசையை ஒதுக்கலாம். அடிக்கடி வரும் நூற்பெயர்களை ஆட்டோகரெக்டில் பதிந்துவைத்தால், சுருக்கத்தை அடித்து இடைவெளி விட்டதும் முழுப்பெயரும் குறிகளோடு தானே வரும். சுருக்கம் மட்டும் வேறெங்கும் சொல்லாக வராததாக இருக்க வேண்டும். ஐந்தாண்டு ஆய்வுக்கு இந்த ஒருமணிநேர வேலை மிகையா?

'தமிழ் எழுத்திலேயே தரலாமே' என்பார் உளர். தாருங்கள்; நானும் தருகிறேன். ஆனால் தமிழ்ச் சொல்லைத் தெலுங்கு, கோண்டி, பிராகுயிச் சொற்களோடு வைத்து ஒப்பிடப் பொதுவான ஓர் எழுத்துமுறை வேண்டும். பர்ரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை (1961) குறிகளோடு கூடிய உரோமன் எழுத்தில் அமைத்தது அதனால்தான். குறிகளை நீக்கிப் பாருங்கள். எந்த ஒலி எதற்கு நேர் என்ற கேள்வியையே எழுப்ப முடியாது.

பிரெஞ்சு ஆய்வாளரிடம் 'உங்கள் குறிகள் இடையூறு' என்று எந்த இதழும் சொல்லத் துணியாது. நம்மிடம் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். ஆய்வேட்டு விதிகளில் ஓரங்குல அளவையும் வரி இடைவெளியையும் வரையறுக்கும் துறைகள், ஒலிபெயர்ப்பு முறை எது என்பதற்கு ஒரு வரி எழுதட்டும். ஆசிரியரின் இசைவின்றிக் குறிகளை நீக்குவதில்லை என்று இதழ்கள் அறிவிக்கட்டும்.

நான் மெய்ப்பில் எல்லாக் குறிகளையும் மீண்டும் இட்டு அனுப்பிவிட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இக்கட்டுரை எனக்குத் தேவை. ஆயினும் அது தாமதமாகட்டும். வளியும் வழியும் வெறும் வலியாக அச்சேற வேண்டா.