பூட்டி வைப்பதும் விற்பதும் ஒன்றுதான்



அன்பின் யட்டவத்த உறவுகளே, கட்டாரிலும் சவூதியிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு ஊர் விசயங்களை வாசிக்கும் சகோதரர்களே,

சங்கத்து அலுமாரியில் கிடக்கும் அந்தச் சின்னக் கெமராவை விற்பதா, வைத்திருப்பதா என்று இரண்டு கிழமையாக வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நடக்கிறது. கண்டியில் இருந்து ஒரு தம்பி 15,000 ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறார். "சும்மா கிடக்கிற சாமான்தானே, வித்துட்டு நாலைஞ்சு கதிரை வாங்குவோம்" என்பது ஒரு கட்சி. "ஞாபகப் பொருள், கிடக்கட்டும்" என்பது மற்றக் கட்சி. ஊரில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள் சிலர் கூடிப் பேசினோம். எங்களுக்கு இந்த இரண்டு கட்சியோடும் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், அது என்ன சாமான் என்று தெரியாத தம்பிமாருக்காக. அது நிக்கோன் கூல்பிக்ஸ் எஸ்1000பிஜே. 2009 ஓகஸ்ட் மாதம் நிக்கோன் கம்பனி அறிவித்த கெமரா. சட்டைப் பையில் போடக்கூடிய சாதாரண டிஜிட்டல் கெமராதான். ஆனால் அதன் முன்பக்கத்தில் இன்னொரு கண் இருக்கிறது. அது ஒரு குட்டி புரொஜெக்டர். எடுத்த படத்தை அப்படியே சுவரில் காட்டும். புரொஜெக்டர் உள்ளேயே பொருத்தி வந்த முதலாவது கொம்பெக்ட் கெமரா இதுதான். அந்த நாளில் அமெரிக்காவில் இதன் விலை சுமார் 430 டொலர். 2010இல் விடுமுறையில் வந்த நமதூர்ச் சகோதரர் ஒருவர், "ஊர்ப் பொதுத் தேவைக்கு வைச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது ஏன் இதற்கு ஆள் தேடி வருகிறார்கள்? ஜப்பானியக் கம்பனிகள் 2010இல் உலகம் முழுவதற்கும் அனுப்பிய டிஜிட்டல் கெமராக்கள் சுமார் 12 கோடி. 2020இல் அது 1 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. போன் வந்து கொம்பெக்ட் கெமராவின் தொழிலையே முடித்தது. ஆனால் இந்தச் சில வருடங்களாக, போன் படம் அலுத்துப்போன இளைஞர்கள் பழைய சின்னக் கெமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். இன்ஸ்டகிராமில் அது ஒரு மோகம். விற்கச் சொல்லும் நண்பர்களின் வலுவான வாதமும் இதுதான்: மோகம் இருக்கும்போதே விற்காவிட்டால் நாளைக்கு ஐந்நூறு ரூபாவுக்கும் போகாது.

வியாபாரக் கணக்கில் அது சரி. மிளகு விலை ஏறும்போது விற்கத் தெரிந்த ஊர்தானே நம்முடைய ஊர். ஆனால் மிளகு விற்றால் அடுத்த போகத்துக்குக் கொடியில் மறுபடியும் காய்க்கும். இந்தக் கெமராவை விற்றால் எது கைவிட்டுப் போகிறது என்பதை ஒருதரம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

"எல்லார் கையிலயும் போன் இருக்கு, இனி இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். சரி, ஒரு சின்னச் சோதனை வைப்போம். 2015ஆம் ஆண்டு நமது பாடசாலையில் நடந்த இல்ல விளையாட்டுப் போட்டியின் படம் ஒன்றைத் தாருங்கள். அன்றைக்கு மைதானத்தில் போன் தூக்கிப் படம் எடுக்காத ஆள் இல்லை. நாங்கள் குழுவில் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்குப் போன் உடைந்துவிட்டது. ஒருவர் இடமில்லை என்று அழித்துவிட்டார். ஒருவர் போனை மாத்தளையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார், படங்களும் அதோடு போயின. கடைசியில் வந்தது இரண்டே படம். இரண்டும் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிச் சுருங்கி, பிள்ளைகளின் முகமே தெரியாத படங்கள்.

போன் ஒரு தனியாளின் சாமான். அதில் உள்ள படம் அவருடைய படம். அவர் ஊரைவிட்டுப் போனால் படமும் போகும். ஐயாயிரம் பேர் படம் எடுத்தாலும் ஊரிடம் ஒரு படமும் இருக்காது. பொதுவில் ஒரு கெமரா, பொதுவில் ஒரு காட், அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று இருந்தால்தான் "இது ஊரின் படம்" என்று சொல்லலாம்.

இரண்டாவது விசயம் நமது பெண்பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. பரிசளிப்பு விழாவில் பிள்ளை மேடையேறும்போது எத்தனை உம்மாமார் "படம் எடுக்க வேணாம், எங்கேயாவது போட்டுடுவாங்க" என்று தடுக்கிறார்கள்? அவர்களின் பயம் நியாயமானது. போனில் எடுத்த படம் அடுத்த நிமிடம் எந்தக் குழுவில் இருக்கும் என்று எடுத்தவருக்கே தெரியாது. அதனால்தான் ஆண்பிள்ளைகளின் வெற்றிக்குப் படம் இருக்கிறது, பெண்பிள்ளைகளின் வெற்றிக்குப் படம் இல்லை. இந்தக் கெமராவில் இன்டர்நெட் இல்லை, வைபை இல்லை, சிம் இல்லை. எடுத்த படம் காட்டில்தான் இருக்கும். ஒரு ஆசிரியை எடுத்து, பிள்ளைகளும் உம்மாமாரும் மட்டும் இருக்கும் மண்டபத்தின் சுவரில் காட்டிவிட்டு, காட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். பழைய சாமான் என்று சிரிக்கிறார்களே, அந்தப் பழமைதான் இங்கே பாதுகாப்பு.

மூன்றாவது, அந்தச் சுவர். 1975இல் அமெரிக்காவின் கோடெக் கம்பனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் முதலாவது டிஜிட்டல் கெமராவைச் செய்தார். 3.6 கிலோ பாரம். ஒரு படத்தைக் கசெட் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. அதோடு சேர்த்து அவர் இன்னொரு கருவியும் செய்தார், அந்தப் படத்தைத் தொலைக்காட்சித் திரையில் காட்ட. எடுப்பதும் நாலுபேர் கூடிப் பார்ப்பதும் தொடக்கத்திலேயே ஒன்றாக இருந்த வேலைகள். இன்றைக்கு ஆளாளுக்குக் குனிந்து தன் தன் திரையைப் பார்க்கிறோம். எண்பது வயது மூத்தாப்பாவுக்கு ஆறங்குல போன் திரையில் முகம் பிடிபடுமா? சுவரில் பெரிதாக விழுந்தால், "இவர்தான் இன்னாரின் வாப்பா, இந்தக் கிணறு இப்ப மூடியாச்சு" என்று அவர் வாய் திறப்பார். அந்தப் பேச்சுத்தான் நமக்குத் தேவை. படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய ஆட்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள்.

அண்மையில் ஒரு ஜனாஸா வீட்டில் பேரப்பிள்ளைகள் மர்ஹூமின் படம் ஒன்றைத் தேடினார்கள். கிடைத்தது அடையாள அட்டையில் இருந்த படம் மட்டும். ஐம்பது வருடம் இந்த ஊரில் கொப்பியும் பென்சிலும் விற்ற மனிதர். நம்மில் பாதிப்பேர் அவர் கடையில் வாங்கிய கொப்பியில்தான் எழுதிப் படித்தோம்.

படம் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் வடக்கு முஸ்லிம்களிடம் கேட்டுப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தில் இருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். ஆல்பம் எடுத்துவர யாருக்கு நேரம்? புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, "எங்கட வீடு இப்படித்தான் இருந்துச்சு" என்று காட்ட ஒரு படம் இல்லாத உம்மாமார் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையிலும் வீடுகளோடு ஆல்பங்களைக் கடல் கொண்டுபோனது. ஒரே பிரதி, ஒரே வீட்டில் இருந்தால் நடப்பது இதுதான். நம்முடைய மலைப்பகுதியில் கடல் வராது, மண்சரிவு வரும்.

"படம் எடுப்பது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அதில் உலமாக்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நாங்கள் பத்வா கொடுக்கும் ஆட்கள் இல்லை. வேண்டாம் என்பவரை எடுக்கத் தேவையில்லை, அவரை மதிப்போம். ஆனால் மனிதர்களைத் தவிர்த்துப் பார்த்தாலும் வேலை நிறைய இருக்கிறது. நமது வீடுகளில் மூத்தும்மாமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரண்களில் கறையான் தின்றுகொண்டு கிடக்கின்றன. பழைய காணி உறுதிகள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், உடைக்கப் போகும் பழைய வகுப்பறைக் கட்டடம். இந்தக் கெமரா 12 மெகாபிக்சல். பகல் வெளிச்சத்தில் ஆடாமல் பிடித்தால் ஒரு பக்கத்து எழுத்தைத் தெளிவாக எடுக்கப் போதும்.

இனி, "ஞாபகப் பொருள், கிடக்கட்டும்" என்னும் நண்பர்களுக்கு. உங்கள் அன்பு விளங்குகிறது. ஆனால் கெமராவுக்கு அலுமாரிதான் கபுறு. ஈரமான, இருட்டான, காற்றோட்டம் இல்லாத இடத்தில் லென்ஸுக்குள்ளே பூஞ்சை பிடிக்கும். நமதூர் மழைக்கு அது சீக்கிரமே நடக்கும். லித்தியம் பெட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் வருடக் கணக்காகப் போட்டு வைத்தால் அது செத்துவிடும். இன்னும் நாலு வருடம் இப்படியே கிடந்தால் விற்கவும் முடியாது, பாவிக்கவும் முடியாது. விற்றாலாவது இன்னொருவர் படம் எடுப்பார். பூட்டி வைத்தால் அதுவும் இல்லை. அதனால்தான் தலைப்பில் இரண்டும் ஒன்று என்று எழுதினோம்.

குறைகளை மறைக்கவில்லை. இருட்டில் புதிய போன்கள் இதைவிட நன்றாக எடுக்கும். புரொஜெக்டரின் வெளிச்சம் 10 லூமன்தான். இரண்டு மீட்டர் தூரத்தில் 40 அங்குலப் படம் விழும். அதுவும் அறையை நன்றாக இருட்டாக்கினால்தான் தெரியும். அது தான் எடுத்ததைக் காட்டச் செய்த கருவி. கணினியில் இணைத்துப் பாடம் நடத்த உதவாது. ஆனால் "பெட்டரி கிடைக்காது" என்பது பிழை. அதன் பெட்டரி ஈஎன்-ஈஎல்12. அதே பெட்டரியை நிக்கோன் பின்னால் வந்த பல கூல்பிக்ஸ்களிலும் போட்டதால் மாற்றுப் பெட்டரிகள் இன்னும் விற்பனையில் உண்டு. காட்டும் சாதாரண எஸ்டி காட்தான். பழைய ஆல்பப் படத்தை இந்தக் கெமராவாலேயே படம் பிடித்தால் அன்றிரவே சுவரில் காட்டலாம்.

கடைசியாக, கொடுத்தவரின் எண்ணம். இது 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிந்த சொத்து இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். சட்டம் பேச வரவில்லை. ஆனால் "ஊர்ப் பொதுத் தேவைக்கு" என்று ஒருவர் பாலைவன வெயிலில் உழைத்து வாங்கித் தந்தால் அது அமானிதம். விற்பதென்றால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். இதுவரை எவரும் கேட்கவில்லை.

எங்கள் யோசனை இது.

ஒன்று: கெமராவை அலுமாரியில் இருந்து எடுத்துப் பொறுப்பாளர் இருவரிடம் கொடுப்போம், ஒரு ஆண், ஒரு பெண். யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதப்படும்.

இரண்டு: ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவோம். இரண்டும் இரு வேறு கட்டடங்களில் இருக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்தத் திகதி என்று எழுதாத படம் சேராது. சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் பேஸ்புக்குக்கு வராது.

மூன்று: மாதம் ஒருதரம் இஷாவுக்குப் பிறகு சுவரில் படம் காட்டுவோம். பெண்களுக்கு வேறு நாள், பகலில், ஜன்னல்களுக்குத் துணி போட்ட வகுப்பறையில். பெரியவர்கள் சொல்வதை உயர்தர மாணவர்கள் எழுதுவார்கள். பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாத நமது பிள்ளைகளுக்கு, ஒரு கருவியைப் பொறுப்போடு பாவிக்கப் பழகும் வாய்ப்பும் அதுதான். பக்கத்துச் சிங்கள வீடுகளில் இருக்கும் பழைய படங்களையும் கேட்போம். சந்தையிலும் வயலிலும் ஒன்றாக நின்றவர்களின் படங்கள் அவர்களிடமும் இருக்கும்.

நான்கு: இதற்கு ஆறு மாதத் தவணை. ஆறு மாதத்தில் மூன்று தரமாவது சுவரில் படம் விழாவிட்டால், கண்டித் தம்பியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் ஒரு வார்த்தையும் பேசமாட்டோம். வரும் காசில் கதிரை வாங்காமல், ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்குங்கள். போன்களில் மிஞ்சியிருக்கும் படங்களையாவது அதில் சேர்க்கலாம்.

கதிரை தேவைதான், மறுக்கவில்லை. கதிரைக்கு நாங்கள் ஆசிரியர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபா போடத் தயார். இதை எழுதிவிட்டுப் போகிறவர்கள் என்று யாரும் சொல்லக்கூடாது.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டத்தில் இது முடிவாகவேண்டும். விற்கச் சொல்லும் நண்பர்களும் கட்டாயம் வாருங்கள், உங்கள் கணக்கையும் கேட்போம். வரும்போது வீட்டில் இருக்கும் பழைய படம் ஒன்றையும் எடுத்து வாருங்கள், பின்பக்கத்தில் பெயர் எழுதி.