லாரி ரேஸில் ஜெயித்தது யார்?

ஓசூர் பக்கமிருந்து சேலம் வரும் நெடுஞ்சாலையில் அதைப் பார்த்திருப்பீர்கள். கதவு இல்லை, கூரை இல்லை. இன்ஜின், ஸ்டியரிங், டயர், தலையில் துண்டு கட்டிய ஒரு டிரைவர். கம்பெனி விற்றது அந்த சேஸிஸை மட்டும்தான். மீதி லாரி நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில்தான் பிறக்கும்.

கார் கம்பெனிகள் பெயர் எடுக்க ரேஸுக்குப் போவது உலக வழக்கம். இங்கே டாடா, லாரியையே ரேஸ் விட்டது. 2014 மார்ச்சில், டெல்லி அருகே புத் சர்க்யூட்டில். ஓடியதெல்லாம் டாடாவின் பிரைமா லாரிகள்தான் என்பதால், யார் ஜெயித்தாலும் ஜெயித்தது டாடா! முதல் வருடம் ஓட்டியவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். நம்ம டிரைவர்களுக்குப் பிறகுதான் இடம் கிடைத்தது. (கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு ரவுண்டு வைத்திருந்தால் கதையே வேறு.)

ஆனால், நாமக்கல்லில் லாரி வாங்குபவர் ரேஸ் பார்த்து வாங்குவதில்லை. 1954-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் டாடா லாரி வந்தது. 1955-ல் எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. லைசென்ஸ் இருந்தால்தான் தயாரிக்க முடியும் என்ற காலம் அது. வேறு வண்டி அதிகம் இல்லாத அந்த வருடங்களில், ரோட்டோர மெக்கானிக்கின் கை இந்த இரண்டு இன்ஜின்களுக்குப் பழகிவிட்டது.

80-களில் டொயோட்டா, நிசான் எல்லாம் இந்தியக் கூட்டாளிகளோடு சிறிய லாரி கொண்டுவந்தன. நல்ல வண்டிகள்தான். ஆனாலும் டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான் என்ற பெயர்கள் இன்று இல்லை. வண்டி ஒருநாள் நின்றாலும் டியூ நிற்காதே! நடுவழியில் ஸ்பேர் கிடைக்கிற வண்டியைத்தானே ஓனர் வாங்குவார்? பிரிட்டனில் தாய்க் கம்பெனியான லேலண்ட் 1975-ல் நொடிந்து அரசு கைக்குப் போனது; எண்ணூர்ப் பிள்ளை இன்றும் நிற்கிறது.

அந்தப் பெயரை ஊர் ஊராக ஓடவைத்ததில் பட்டறைகளுக்குப் பாதிப் பங்கு உண்டு. இப்போது கம்பெனிகளே கேபினோடு லாரியை விற்கின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசியும் கட்டாயம். டிரைவருக்கு நல்ல சேதி, சந்தேகமில்லை. தகரம் வளைத்து, வெல்டிங் வைத்து, முகப்பில் சாமி பெயர் எழுதிக் கேபின் கட்டிய கைகளுக்கு மிஞ்சுவது பின்னால் இருக்கும் லோடு பாடி மட்டும்தான்.