முட்டுக்கட்டை போடுகிறவரும் வேண்டும்!

போன வாரம் என் கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். நெஞ்செரிச்சல், ராத்திரி தூக்கமில்லை. நாடி பார்த்துவிட்டு, "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். காரம்கூட கம்மிதான்."

பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு கணக்கில் தப்பு இருப்பதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். எல்லார் முன்னாலும் மேலதிகாரி, "எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து இவர் வாயே திறப்பதில்லை. "திங்கட்கிழமை காலையில பல் தேய்க்கும்போதே வயிறு எரிய ஆரம்பிச்சுடுது டாக்டர்" என்றார்.

மருந்து கொடுத்து அனுப்பினேன். ஆனால் உங்களிடம் மனம் விட்டுச் சொல்கிறேன்... அந்த எரிச்சலுக்குப் பாதி மருந்துதான் என் அலமாரியில் இருக்கிறது. மீதி அவருடைய ஆபீஸில் இருக்கிறது.

சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் 'ஊர் கூடித் தேர் இழுக்கணும்' என்பார்கள். சரிதான். திருவாரூர்த் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிக்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தை ஒட்டியே, கையில் முட்டுக்கட்டையோடு போகிறவர்களைக் கவனித்தீர்களா? தேர் எங்கே திரும்பணும், எங்கே நிற்கணும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது போய்த்தான் நிற்கும்!

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சித்த மருத்துவப் பட்டம் வாங்கி வெளியே வந்த புதிது. ஒரு மருத்துவமனையில் வேலை. சேராங்கொட்டை சேர்ந்த மருந்து ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. சேராங்கொட்டை நல்ல சரக்கு. ஆனால் முறைப்படி சுத்தி செய்யாவிட்டால், அதன் எண்ணெய் பட்ட இடமெல்லாம் கொப்புளம் கிளம்பிவிடும். மருந்து அரைக்கிற பெரியவர் தட்டில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது சுத்தி ஆன மாதிரி தெரியலையே" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "படிச்சது நானா, நீங்களா? அரைங்க" என்றேன். பேசாமல் அரைத்தார். மறுநாள் அவருக்குக் கையெல்லாம் வீங்கி, கொப்புளம் கொப்புளமாக... விசாரித்தால், தட்டு மாறிப் போயிருந்தது. நல்லவேளை, மருந்து நோயாளிகளுக்குப் போகவில்லை.

புண் ஆறிவிட்டது. பெரியவர் ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையுமே சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஆங்கில மருத்துவத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கென்று 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ஓர் அம்சம்: கத்தி வைக்கும் முன் பெரிய சர்ஜனிலிருந்து நர்ஸ் வரை எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவருக்கு, பிறகு "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லவும் தைரியம் வரும். புதுதில்லி உட்பட 8 நகரங்களில் ஒவ்வொரு மருத்துவமனையில் இந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. ஆபரேஷனுக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. புது மாத்திரையால் அல்ல. கேட்டு, சொல்லி, சரிபார்த்துக்கொண்டதால்!

நீங்கள் மேலதிகாரியா? மீட்டிங்கில் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையைத்தான் ஆட்டுவார்கள். யாராவது தப்பைச் சுட்டிக்காட்டினால், "நல்லவேளை சொன்னீங்க" என்பது உங்கள் முதல் வார்த்தையாக இருக்கட்டும். அவர் சொன்னது சரியா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே வேலை பார்ப்பவரா? "இது தப்பு" என்று போட்டு உடைக்காதீர்கள். "இந்த இடம் எனக்குப் புரியலை சார், ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று கேளுங்கள். இன்னொன்று. தேர் திரும்பியதும் முட்டுக்கட்டையை எடுத்துவிடுகிறார்கள் இல்லையா? அதுபோல, பேசி ஒரு முடிவு எடுத்தாகிவிட்டால் நீங்களும் வடம் பிடிக்க வேண்டும். எடுக்காமலே வைத்திருந்தால் தேர் நகராது.

வாதம், பித்தம், கபம் மூன்றில் எது ஒன்று தலைதூக்கினாலும் நோய் என்கிறது சித்த மருத்துவம். ஆபீஸும் ஓர் உடம்புதான். ஒரே ஒரு குரல் மட்டும் ஓங்கிக் கேட்கிற இடத்தில் ஏதோ ஒரு வியாதி வளர்கிறது என்று அர்த்தம்.

நாளைக்கு ஆபீஸ் போனதும், முன்பெல்லாம் பேசிக்கொண்டிருந்து இப்போது பேசாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவரிடம் போய், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். நான் அந்தப் பெரியவரிடம் கேட்கத் தவறிய கேள்வி அது.