கூப்பிட்டால் திரும்பி வரவேண்டும்



யட்டவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகுத் தோட்டம், அதற்கப்பால் காடு. இரவில் காட்டுப்பன்றி இறங்கும். பன்றிக்கென்று சிலர் வைக்கும் கம்பிச் சுருக்கில் நாயும் மாட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் வெள்ளையன் வாடை பிடித்து ஓடும்போதெல்லாம் என் நெஞ்சு பதறும்.

வெள்ளையன் ராஜபாளையம் இனம். தமிழ்நாட்டின் ராஜபாளையம் ஊரின் பெயரைக் கொண்ட இந்த நாய்க்கு இந்தியா 2005இல் தபால் முத்திரையே வெளியிட்டது. வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனமாதலால் நம் உத்தரவுக்குக் காத்திராமல் தானே முடிவெடுத்துத் துரத்தும். அது திமிரல்ல, பிறவிக் குணம்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஒருநாள் பத்துத் தடவை கூப்பிட்டும் வராமல், அரை மணித்தியாலம் கழித்து வந்தவனை விளக்குமாற்றால் அடித்துவிட்டேன். அடுத்த நாள் கூப்பிட்டபோது பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்தான். வந்தால் அடி விழும் என்று நானே படிப்பித்துவிட்டேன்.

பிறகு முதலிலிருந்து தொடங்கினேன். வெள்ளை நிறக் குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பதுண்டு. ஆகவே முதலில் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். காது நன்றாகக் கேட்டது. காலையில் நன்றாக ஓடவிட்டு, களைத்த பின் ஐந்து நிமிடம் மட்டும் பழக்கினேன். முப்பதடிக் கயிறு கட்டி, "வா" என்று ஒரே தடவை கூப்பிடுவேன். வந்தால் அவித்த ஈரலில் சிறு துண்டும் ஒரு தடவலும். வராவிட்டால் கத்தாமல் கயிற்றை மெதுவாக இழுப்பேன். வந்ததும் மறுபடி அவிழ்த்து விடுவேன். இல்லாவிட்டால் "வா" என்றால் விளையாட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் அந்த ஒரே சொல்லையே சொன்னோம். மூன்று மாதம் பிடித்தது.

கண்ணிவெடி தேடும் நாய்களையும் இப்படித்தான் பழக்குகிறார்கள். நம் நாட்டிலும் அவை வேலை செய்தன. வெடிமருந்தின் மணம் வந்தால் அந்த இடத்தில் உட்காரும். அதற்குக் கிடைக்கும் கூலி, விளையாட ஒரு பந்து. அடித்துப் பழக்கியிருந்தால் அந்த வேலை நடக்காது.

வன்னியிலிருக்கும் என் தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, நாய் மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் போனால் என்ன செய்யிறது?" வடக்கில் இன்னும் துப்புரவாக்கப்படாத இடங்கள் இருக்கின்றன. நான் சொன்னேன்: "ஒரு அடியும் பின்னால் போகாதே. பிள்ளைகளையும் விடாதே. பாதுகாப்பான பாதையில் நின்று கூப்பிடு, சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டு." நாய் திரும்பி வரப் பழகியிருந்தால்தான் நாமும் நின்ற இடத்தில் நிற்கலாம்.

சென்ற கிழமை பன்றி ஓடியது. வெள்ளையன் பாய்ந்தான். "வா" என்றேன். வேலியடியில் நின்று, காட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தான். அன்று கையில் ஈரல் இருக்கவில்லை. என் தட்டிலிருந்த மீனைக் கொடுத்தேன்.

எவ்வளவு தாமதித்து வந்தாலும், வந்த நாயை அடிக்காதீர்கள் சகோதரிகளே.