டாலர் வளர்த்த பொருளாதாரக் கல்லூரி

பஞ்சப்படி கேட்டாலும் கூலி உயர்வு கேட்டாலும் சில மேதாவிகளுக்கு ஒரே பதில்தான்: பொருளாதாரம் ஒரு சாஸ்திரமாம், அதில் கட்சியும் இல்லையாம், வர்க்கமும் இல்லையாம், இரண்டும் இரண்டும் நாலாம்! இந்தச் சாஸ்திரத்தைப் போதித்த ஒரு கல்லூரியின் கதையைக் கேளுங்கள்.

தென்னமெரிக்காவில் தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த நாடு சிலி. அதன் தலைநகர் சான்டியாகோவிலுள்ள கத்தோலிக்க சர்வகலாசாலையில் 1924-ல் வர்த்தகமும் பொருளாதாரமும் கற்பிக்கும் பிரிவு தொடங்கப்பட்டது. 1950-களில் அமெரிக்க சர்க்காரின் உதவித் திட்டத்தை அந்நாட்டில் நடத்தியவர் ஆல்பியன் பாட்டர்சன். சிலியின் பொருளாதார நிபுணர்கள் இடதுபுறம் சாய்கிறார்கள் என்று அவருக்குப் பெருங்கவலை. சாய்ந்தவர்களை நிமிர்த்த சிக்காகோ சர்வகலாசாலையைப் பிடித்தார். முதலில் சிலி சர்வகலாசாலையோடு பேசிப் பார்த்தார்கள், பேரம் படியவில்லை. கத்தோலிக்க சர்வகலாசாலை இணங்கியது. 1956-ல் ஒப்பந்தம். பணம் அமெரிக்க சர்க்காருடையது. சிக்காகோ ஆசிரியர்கள் சான்டியாகோவுக்கு வந்தார்கள். சிலி மாணவர்கள் சிக்காகோவுக்குப் போனார்கள். 1970-க்குள் போனவர்கள் சுமார் 100 பேர்.

ஹார்பர்கரும் ஃப்ரீட்மனும் அவர்களுக்குப் போதித்த பாடம் என்ன? சர்க்கார் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கூலியையும் விலையையும் சந்தை பார்த்துக்கொள்ளும்! படித்துத் திரும்பியவர்கள் அதே பிரிவில் ஆசிரியர்களானார்கள். அவர்களில் செர்ஹியோ டி காஸ்ட்ரோ அதன் தலைவராகவே ஆனார்.

ஆனால் ஜனங்கள் இந்தப் பாடத்துக்கு ஓட்டுப் போடவில்லை. 1970 தேர்தலில் சோஷலிஸ்டான அயேந்தே ஜெயித்தார். அமெரிக்கக் கம்பெனிகளின் தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்க 1971-ல் நாடாளுமன்றம் ஏகமனதாக வாக்களித்தது. ஓட்டில் வெல்லாத சாஸ்திரத்துக்குத் துப்பாக்கி துணைக்கு வந்தது. 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஜனாதிபதி மாளிகை மீது குண்டு வீசியது. அயேந்தே மாண்டார். சிக்காகோ சீடர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த திட்டம் தளபதிகளின் மேஜைக்குப் போயிற்று. அதன் தடிமனைப் பார்த்து வைத்த பெயர் 'செங்கல்'! கத்தோலிக்க சர்வகலாசாலைக்கே ஒரு கடற்படை அதிகாரி ரெக்டர் ஆனார்.

1975 மார்ச்சில் ஃப்ரீட்மன் சான்டியாகோ வந்து சர்வாதிகாரி பினோசேயைச் சந்தித்தார். 'அதிர்ச்சி வைத்தியம்' செய்யச் சொன்னார். டி காஸ்ட்ரோ மந்திரியானார். அந்த ஒரே வருஷத்தில் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு 12-க்கு மேல் சரிந்தது. இந்த வைத்தியமும் அடக்குமுறையும் ஒரே காரியத்தின் இரண்டு கைகள் என்று 1976 ஆகஸ்டில் எழுதினார் அயேந்தேயின் மந்திரியாயிருந்த லெத்தேலியர். அடுத்த மாதமே வாஷிங்டன் தெருவில் கார் குண்டு அவரைக் கொன்றது. பினோசேயின் ரகசியப் போலீஸ் செய்த கொலை!

இனி ஆலைத் தொழிலாளிக்கு இந்தச் சாஸ்திரம் கொடுத்ததைப் பாருங்கள். தொழிற்சங்க மத்திய அமைப்பு 1973-லேயே கலைக்கப்பட்டிருந்தது. 1979-ல் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. எழுதியவர் அதே பிரிவில் படித்த மந்திரி ஜோஸே பின்யேரா. தொழில் முழுவதற்குமாகச் சேர்ந்து பேரம் பேசக்கூடாது. ஒவ்வொரு ஆலையும் தனித்தனியே பேச வேண்டும். வேலைநிறுத்தம் செய்யலாம், தடையில்லை! ஆனால் 60 நாள் தாண்டினால் திரும்பாத தொழிலாளி தானாகவே வேலையை விட்டுவிட்டதாக அர்த்தம். பட்டினி போட்டே ராஜிநாமா வாங்கும் சாஸ்திரம்! கிராமத்திலோ, நிலச் சீர்திருத்தத்தில் கைமாறிய நிலத்தில் ஒரு பகுதி பழைய பண்ணையார்களிடமே திரும்பிப் போயிற்று.

1982-ல் ஃப்ரீட்மன் சிலியை 'அதிசயம்' என்று புகழ்ந்தார். அதே ஆண்டு உற்பத்தி நூற்றுக்குச் சுமார் 14 விழுந்தது. 1983 ஜனவரியில், சர்க்கார் ஒதுங்க வேண்டும் என்றவர்களின் சர்க்காரே பெரிய தனியார் வங்கிகளைக் கையில் எடுத்துக் காப்பாற்றியது. கூலிக்காரனுக்குச் சந்தை, வங்கி முதலாளிக்குக் கஜானா!

பிறகு வறுமை குறைந்ததே என்பார்கள். 1987-ல் நூற்றுக்குச் சுமார் 45 பேர் ஏழைகள். அது பாதிக்கு மேல் குறைந்தது, 1990-ல் பினோசே ஆட்சி போன பிறகுதான்.

இன்னொன்று. 1981-ல் தொழிலாளிகளின் பென்ஷன் பணத்தைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தார்கள். அதையும் செய்தவர் ஜோஸே பின்யேராதான். அது உயர்ந்த திட்டம் என்று ஊரெல்லாம் பிரசாரம். ஆனால் ராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டும் பழைய பென்ஷனே நீடித்தது. தளபதிகளுக்கு இரண்டும் இரண்டும் எத்தனை என்று நன்றாகத் தெரிந்திருந்தது!

2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ ஏறியதும், இந்தப் பென்ஷனையும் எதிர்த்துச் சிலி மக்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அப்போது ஜனாதிபதியாயிருந்தவர் செபாஸ்டியன் பின்யேரா. ஜோஸேயின் தம்பி, படித்ததும் அதே பிரிவில்தான்.